குண்டுமணி வாய் திறக்கும்வரை

19 அக்டோபர் 2025, ஞாயிறு
என் மீன் குண்டுமணியின் வாய் முழுக்க முட்டை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன்!

மணலில் நாலைந்து நாலைந்தாக முட்டை விடுகிறாள், உடனே திரும்பி வாயில் அள்ளுகிறாள். ஆண் மீன் மைனர் பக்கத்தில் செட்டையை விரித்துக்கொண்டு கிடக்கிறான். அதன் நுனியில் ஒரு செம்மஞ்சள் புள்ளி. அதையும் முட்டை என்று நினைத்து இவள் கொத்த, அவனுடைய விந்து இவள் வாய்க்குள் போகிறது. கரு உண்டாவதே வாய்க்குள்தான். விரல் நீள மீன்கள். ஆப்பிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கத்துப் பரம்பரை. ஜெர்மனியின் ஆஹெனில், எங்கள் ஹோல் தொட்டியில்.

20 அக்டோபர்
இனிக் குஞ்சு நீந்தும்வரை சாப்பிடமாட்டாள். போன மாதமும் இப்படித்தான் தொடங்கினாள். மூன்றாம் நாள் பார்த்தால் வாய் சப்பை. விழுங்கிவிட்டாள்.

இந்தச் சோடியை எனக்குத் தந்த நிலக்சன் வால்டோர்ஃபில் இருந்து குரல் அனுப்பியிருக்கிறான். மீன் வளர்ப்பவர்களின் ஃபோரத்தில் பழக்கமானவன். "முதற்பிள்ளைக்காரி. நீ மைனருக்குப் புழு போடப் போட அவளுக்கு வாயூறியிருக்கும். கிடந்ததைத் திண்டிட்டாள்."

நான் நம்பவில்லை. மைனருக்குப் பசித்தால் அவளைத் துரத்திக் கலைப்பான், அவள் முட்டையைத் துப்பிவிடுவாள். அவன் வயிறு நிறைந்திருக்கவேண்டும். வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லுது.

21 அக்டோபர்
அம்மாவோடு சண்டை. நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடக்கம். மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டிகள் எல்லாம் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. ஃப்ரீசரைக் கழுவும்போது என் பெட்டியைக் கண்டுவிட்டார்.

"கம்சனா, இதென்ன?"

"மீன்ர சாப்பாடு."

"புழு. சஷ்டிக்கு. என்ர ஃப்ரீசருக்குள்ள."

பேணியில் அடைத்து விற்கிற உலர்தீனையாவது போடுகிறேன் என்றேன். சாமான் வாங்கும்போதெல்லாம் ஜெலட்டின் தேடிப் பழகிய கண் அம்மாவுடையது. பேணியைத் திருப்பி வாசித்தார். "மீன்மா எண்டு போட்டிருக்கு. மீனுக்கு மீனையே குடுக்கிறியோ?" அதுவும் வெளியே.

அப்ப மைனர் என்னத்தைத் தின்னுறது? பசியில அவளைக் கலைச்சா? திரும்பவும் முட்டை போனா ஆர் பொறுப்பு? சொன்னா விளங்குதில்லை. அழுதுகொண்டு எழுதுறன், லூசு மாதிரி.

22 அக்டோபர்
அவித்த பட்டாணி, தோல் உரித்து நசித்தது. மைனர் வாயில் எடுத்துத் துப்பினான்.

அம்மா: "ஆறு நாள் மரக்கறி திண்டு ஆரும் செத்ததில்லை."

24 அக்டோபர்
வாய் இன்னும் வீங்கித்தான் இருக்கு! போன முறை இதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மைனர் பட்டாணி தின்கிறான், அவளைத் திரும்பியும் பார்க்கிறானில்லை.

நிலக்சன்: "என்னவாம் சைவ மைனர்?"

26 அக்டோபர்
அம்மாவுக்கும் பாலும் பழமும்தான். வேலையால் வந்து, தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். "உவள் எப்பிடித் தாக்குப்பிடிக்கிறாள்?"

எல்லாம் சொன்னேன், அந்தப் புள்ளி விஷயமும்.

"ஏமாத்துறதில கெட்டிக்காரன்தான்," என்றார் மைனரைப் பார்த்து.

28 அக்டோபர்
விரதம் விட்டு, பாறணைச் சாப்பாடும் முடிந்தது. "இனி உன்ர புழுவை வாங்கி வை," என்றார் அம்மா. கடையில் பெட்டியைக் கையில் எடுத்தேன். அவள் இந்த முறை முட்டையை விழுங்காமல் வைத்திருக்கிறாள்... இப்போது போய்ப் புழு மணத்தைக் காட்டுவதா? திரும்ப வைத்துவிட்டேன். வாங்கி வந்தது பட்டாணி. நிலக்சனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், தான் சொன்னதே சரி என்று தலைகால் தெரியாது அவனுக்கு.

1 நவம்பர், சனி
விட்டாள். விட்டாள் விட்டாள்.

முப்பதோ நாற்பதோ குஞ்சுகள், கண் மட்டும் தெரிகிற துளிகள். மைனரை நேற்றே கண்ணாடித் தட்டிக்கு அந்தப்பக்கம் மாற்றியது நல்லது. அம்மா குனிந்தார். நிழல் விழுந்ததும் குண்டுமணி வாயைத் திறந்தாள், அத்தனையும் உள்ளே.

"ஐயோ, விழுங்கிட்டாள்." அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"இல்லையம்மா, ஒளிச்சு வைக்கிறாள். பொறுங்கோ."

இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி, மூச்சுவிடாமல் நின்றோம். மெதுவாக ஒன்று வெளியே வந்தது. பிறகு எல்லாம்.

2 நவம்பர்
கோயில் ஆக்களின் வாட்ஸ்அப் குழுவில் அம்மா போட்டிருக்கிறார், என்னைக் கேட்காமலே:

"எங்கட வீட்டில குஞ்சு நீந்துது. பின்னேரம் எல்லாரும் வாங்கோ, சமைச்சிருக்கிறன். ரெண்டு ரெண்டு பேராத்தான் கிட்டப் போகலாம், கண்ணாடியில ஒருத்தரும் தட்டாதேங்கோ. குஞ்சு வேணுமெண்டால் இப்பவே பேரைச் சொல்லி வையுங்கோ."