எட்டுக் கிரகம் கூடிய ஞாயிற்றுக்கிழமை

தாராவி,
8-2-1962

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம் அப்படியே இருக்கிறது. நானும் பிள்ளைகளும் சுகம்.

ஞாயிறுதோறும் நம் சால் குடியிருப்பில் பெண்கள் கூடி, எதையும் நம்புமுன் யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகுகிறோமே, நீங்கள்கூட வெட்டிப் பேச்சு என்பீர்களே, எட்டுக் கிரகமும் கூடிய அன்று அதுதான் கைகொடுத்தது.

காலையில் பக்கத்து வீட்டுச் சொர்ணத்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவள் மாமியார் முப்பிடாதியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு யாரும் படி தாண்டப்பிடாது. உலகம் அழியப் போவுது!"

"யாரு பெரியம்மா சொன்னா?" என்றேன்.

"நம்ம ஜோசியருதாம்ளா."

"அவரு எங்க?"

"நேத்தே ரயிலேறி, கல்யாண்ல இருக்க மக வீட்டுக்குப் போயிட்டாரு."

"உலகம் அழிஞ்சா கல்யாண் மட்டும் தப்புமா பெரியம்மா?"

உள்ளே சொர்ணம் அலறினாள். முப்பிடாதியம்மாள் என்னை முறைத்தாள். பிறகு, "கட்டையில போவான், என்னை ஏமாத்திட்டானே! டாக்ஸியக் கூப்பிடுளா!" என்று கத்திவிட்டு, மருமகளைத் தாங்கியபடி அவளே முதலில் படி தாண்டினாள்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இப்போது சால் முழுக்க அதன் சத்தம்தான்.

வரும் ஞாயிறு கூட்டம் நம் வீட்டில். முப்பிடாதியம்மாளும் வருகிறாள்.

அத்தைக்குக் காய்ச்சல் என்று போன வாரம் அவசரமாக ஊருக்கு ரயில் ஏறினீர்களே, கிரகங்கள் பிரிந்துவிட்டதால் இந்நேரம் குணமாகியிருக்கும். சொர்ணத்துக்குக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

உங்கள் அன்பு மனைவி