ஒயர் கழன்ற மத்தியானம்

தாராவி
10.6.2024

அன்பு உமாவுக்கு,

மர்யம் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் மூட்டு வலி தேவலையா? பச்சை பிளவுஸ் இதோடு வருகிறது. நீ சொன்ன அளவுக்குக் கழுத்தை இறக்கவில்லை. ஐம்பது வயதில் உனக்கு எதுக்குடி அந்த ஆசை?

ஒரு உதவி வேண்டும். தையல் கூடத்துப் பாட்டுப் பெட்டி செத்துவிட்டது. உள்ளே நூல் தூசி, மேலே கூரை ஒழுக்கு, போதாததற்கு மேசையிலிருந்து வேறு விழுந்தது. பெருநாள் நேரத்து வேலை குவிந்து கிடக்கிறது, பாட்டு இல்லாமல் இந்தப் பெண்களுக்கு மிஷின் ஓடமாட்டேன் என்கிறது. விழுந்தால் உடையாத, நனைந்தால் சாகாத, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒன்று பார். முக்கியமாக, ஒயர் சொருகுகிற ஓட்டை இருக்க வேண்டும். எங்கள் சந்தில் எத்தனை போன் என்று உனக்குத் தெரியாது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தளவாய் அண்ணனின் ஒயர் இல்லாத பெட்டியில் சாமிப் பாட்டு நின்றுபோய், அவர் மருமகன் போனில் யாரிடமோ மாமனாரைத் திட்டுகிற சத்தம் வந்தது. சந்தே சிரித்தது. ஒயர் என்றால் என் போன் மட்டும்தான் பேசும்.

ஹரியிடமே கொடுத்தனுப்பு. உன் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நமக்கு எவ்வளவு வசதி! உன் மாமியாரைப் பற்றி நீ எழுதுவதை எல்லாம் அவனே சுமந்து வருகிறான், பாவம்.

உன்
மர்யம்


மாட்டுங்கா
20.6.2024

அன்பு மர்யம்,

பிளவுஸ் கச்சிதம். கழுத்து விஷயத்தில் மட்டும் உன்னை மன்னிக்க மாட்டேன். எட்டாம் கிளாஸில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு அனுப்பிய காலத்திலிருந்தே நீ எனக்கு வாத்தியாரம்மாதான். இப்போது பிளவுஸ் மடிப்பில் அனுப்புகிறாய், அவ்வளவே வித்தியாசம்.

உன் பெட்டிக்காக ஞாயிற்றுக்கிழமை ஹரியை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். முதல் கடையில் கலர் கலராக லைட் எரிகிற ஒன்றைக் காட்டினான். கல்யாண ஊர்வலத்துக்கா வாங்குகிறேன்? அடுத்த கடைக்காரன், "ஒயரா? அதெல்லாம் இப்ப யாரு ஆன்ட்டி கேக்கறா?" என்று சிரித்தான். எனக்கு வந்ததே கோபம், வாசற்படி இறங்கிவிட்டேன். கடைசியில் காட்கோபரில் கிடைத்தது. சுற்றிலும் தடித்த ரப்பர், பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஒயர் ஓட்டை. கடைக்காரனே அதைத் தரையில் போட்டுக் காட்டினான், பக்கெட் தண்ணீரில் முக்கியும் காட்டினான். ஹரி தன் போனைச் சேர்த்து அங்கேயே பாட்டுப் போட்டுப் பார்த்தான். புளூடூத்தும் இருக்கிறதாம், ஒயரைச் சொருகிவிட்டால் அது அடங்கிவிடுமாம்.

இவனுக்கு இப்போதெல்லாம் உன் பார்சல் என்றால் கால் தரையில் நிற்பதில்லை. வீட்டுக்கு ஒரு பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் ஆயிரம் நொட்டை சொல்வான். உன் பெண் சபாவுக்கு என் அன்பு.

உமா


தாராவி
7.7.2024, மத்தியானம்

உமா,

எழுத்து கோணினால் பார்த்துப் படித்துக்கொள்.

பெட்டி நன்றாகத்தான் பாடியது. ஒரே ஒரு விஷயம்தான் புரியாமல் இருந்தது. சில நாள் சாயங்காலம் ஒயரைக் கழற்றினால், தானாகவே 'கனெக்டட்' என்று சொல்லும். சந்தில் போகிற எவன் போனோ என்று விட்டுவிட்டேன்.

சற்று முன் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற சஃப்ரீன் எழுந்தபோது கால் சிக்கி ஒயர் பிடுங்கிக்கொண்டது. பாட்டு நின்றது. பெட்டி 'கனெக்டட்' என்றது. அடுத்தாற்போல் அதிலிருந்து என் சபா பேசுகிறாள்! யா அல்லாஹ், பிள்ளை மேல் மாடியில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், பெட்டிக்குள் அழுகிறாள்! இந்தியில்தான் பேசினாள். நான் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஹரி, மேல வராதே. உம்மா முகத்தைப் பாத்து இனிமே என்னால பொய் சொல்ல முடியாது. நாம விட்டுடலாம். கல்யாணம்னு வாயைத் தொறந்தா உங்கம்மாவும் எங்கம்மாவும் எழுதிக்கிறது அன்னைக்கே நின்னு போயிடும். அவங்க ரெண்டு பேருக்கும் மனசு விட்டுப் பேச வேற யாரு இருக்கா?"

எல்லா மிஷினும் நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் பெட்டியைத் துணிக் குவியலுக்குள் அமுக்கினேன். துணிக்குள்ளிருந்தும் அழுதாள். நல்ல உறுதியான பெட்டிதான் வாங்கித் தந்திருக்கிறாய்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே உன் பிள்ளை, போனை உதறி உதறி "ஹலோ, ஹலோ" என்கிறான். கடையில் அவன் சேர்த்துப் பார்த்த போனை இந்தப் பெட்டி மறக்கவில்லை. அவன் காதுக்குப் போக வேண்டிய குரல் என் கூடத்துக்கு வந்துவிட்டது.

உனக்குத் தெரியுமா உமா? அதை மட்டும் சொல். தெரிந்தும் என்னிடம் மறைத்திருந்தாய் என்றால் இதுதான் நான் எழுதுகிற கடைசி எழுத்து. அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அறைந்துவிடுவேன். அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது என்று கீழே நிற்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மர்யம்


மாட்டுங்கா
7.7.2024, சாயங்காலம்

மர்யம்,

சத்தியமாக எனக்குத் தெரியாது. என் மேல் ஆணை.

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றான். "ஆன்ட்டி என்னம்மா எழுதிருக்கா?" என்று வேறு கேட்கிறான்! படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முறுக்கு கையிலேயே நின்றுவிட்டது. "விட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

உன்னிடம் என்ன பொய்? எனக்கும் திக்கென்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு வழக்கம் வேறு, எங்கள் வீட்டு வழக்கம் வேறு, நாளைக்கு யார் யார் என்னென்ன பேசுவார்களோ! ஆனால் அதைவிட இன்னொன்று என்னைப் போட்டு அடிக்கிறது. நம் இரண்டு பேருக்காக இந்தப் பிள்ளைகள் தங்களை அறுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். நாம் பிளவுஸ் கழுத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

நீ என்ன சொல்கிறாயோ அதுதான். வேண்டாம் என்றால் வேண்டாம். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

இதை அவனிடம் கொடுக்கவில்லை. நானே வந்து உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

உமா


தாராவி
21.7.2024

அன்பு உமாவுக்கு,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால் இல்லை. வீட்டில் ஒரு பேச்சு வரட்டும் என்று காத்திருந்தேன். கதவில் செருகிவிட்டு ஓடினாயே, தட்டியிருந்தால் உன்னைக் கடித்தா தின்றிருப்பேன்?

சபாவின் வாப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவர் பல நாள் வெளியில்தான் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, "சந்துல நின்னு பேசுறவனுக்கு எம் பொண்ணு கெடையாது. பேசணும்னா என் முன்னால வந்து பேசச் சொல்லு" என்றார். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் கோபம் எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் இறங்கி வந்ததையே என்னால் நம்ப முடியவில்லை.

சபா அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. என்னோடும்தான். நேற்று சாயங்காலம் ஒயரைக் கழற்றினேன். வேண்டுமென்றேதான் கழற்றினேன். பெட்டி 'கனெக்டட்' என்றது. எட்டிப் பார்த்தால் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான். போனைக் கையில்கூட எடுக்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை.

ஹரியின் அளவுச் சட்டை ஒன்று வேண்டும். ஆம்பிளைச் சட்டை தைத்துப் பழக்கமில்லை, காலர் கோணினால் பொறுத்துக்கொள்ளச் சொல்.

சட்டையை அவனே கொண்டு வரட்டும், நீயும் கூட வா. சந்தில் நிற்க வேண்டாம், ஏணியில் ஏறி மேலே வந்துவிடுங்கள். நீங்கள் வந்ததைப் பெட்டி எனக்குச் சொல்லிவிடும். ஒயரைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.

உன்
மர்யம்