பெரட்டுக் களத்தில் கேட்ட மன்னிப்பு

"ஆண்டவர்கிட்ட அழுதாச்சு, சபைக்கு முன்னாலயும் சொல்லியாச்சு. இன்னும் என்னதான் செய்யணும் டீச்சர்?"

அண்ணே, நீங்கள் கேட்ட இந்தக் கேள்வி இன்று நோர்வூட் பஸ்ஸில் எனக்குத் திரும்ப வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் உடுப்பில் ஈரத் தேயிலைக் கொழுந்தின் வாசம். ஞாயிறு ஆராதனைக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்து வந்தாலும் உங்களிடமும் அந்த வாசம் இருக்கும். கண்ணீரை மறைக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது நீங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கும் கங்காணி. அடுத்தவள் சாக்கிலிருந்து ராமாயி கொழுந்தை எடுத்தாள் என்று யாரோ சொன்னதை நம்பி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கள்ளி என்று சொல்லிவிட்டீர்கள். அது பொய்யென்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பேர் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் வந்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை நெருக்கி வைத்து வழிமறித்தார்கள்.

நீங்கள் உபவாசம் இருந்தீர்கள். சாட்சிக் கூட்டத்தில் முழங்காலில் நின்று அழுதீர்கள். சபையே சேர்ந்து அழுதது. ஆனாலும் உங்களுக்கு நிம்மதி இல்லை. ஆலயப் படியில் வைத்துத்தான் என்னிடம் அப்படிக் கேட்டீர்கள்.

"ராமாயி நம்ம சபைக்கு வர்றவங்களா அண்ணே?" என்றேன்.

"அவங்க மாரியம்மன் கோயில் ஆளுங்க."

"அப்ப நீங்க அழுதது அவங்களுக்கு எப்படித் தெரியும்? வகுப்புப் பலகையில பிழையா எழுதுனத வீட்டுல உக்காந்து அழிக்க முடியுமா?"

"ஒங்களுக்கென்ன டீச்சர், பலகை வாயத் தொறக்காது. எங்க பொம்பளைங்க விடுவாங்களா? நாளைக்கு எவ என் பேச்சக் கேப்பா?" என்று சிரித்தீர்கள். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் களத்தோரம் நின்றேன். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தீர்கள்.

"ராமாயி மேல குத்தமில்ல. நான்தான் விசாரிக்காமப் பொய் சொன்னேன். எல்லாருக்கும் கேக்கணும்னுதான் இங்க சொல்றேன். மன்னிச்சிரு தாயி."

"கங்காணி காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாருடி!" என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது. நீங்கள் அசையவில்லை. ராமாயியும் சிரிக்கவில்லை. "கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறினாள்.

அவள் மன்னித்தாளா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. "அது அவ இஷ்டம் டீச்சர். நான் கெடுத்த பேர நான் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றீர்கள். பீலியில் அவள் குடத்துக்குப் பழையபடி இடம் கிடைத்ததை நான் பார்த்தேன்.

இப்போதும் நம் ஆலயத்தில் மனந்திரும்புதலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நன்றாகவே அழுகிறோம். கண்ணைத் துடைத்ததும், நீங்கள் இறந்த பிறகு காலியாகக் கிடக்கும் உங்கள் வாங்கைப் பார்க்கிறேன். அந்தக் காலைக்குப் பிறகு, கூட்டம் முடிந்த கையோடு மன்னிப்புக் கேட்க வேண்டிய யாரையாவது தேடிப் புறப்படுவது உங்கள் வழக்கமாகிவிட்டது. படியிறங்கும் அந்தச் செருப்புச் சத்தத்துக்கு என் காது இன்னும் ஏங்குகிறது அண்ணே. உங்களோடு ஒரு தடவையாவது கூட வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இப்போது முழங்கால் வலியோடு தனியாகத்தான் போகிறேன். ஆனாலும் போகிறேன்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று ஜெபத்தில் ஒரு தவறை அறிக்கையிடும்போது இன்னொருவர் முகம் மனதில் வந்தால், ஆமென் சொன்னதும் எழுந்து அவர் வீட்டுக்கு நடங்கள்.