நிவேதாவின் காட்டுக் கோதுமை

டிச. 3, புதன்

காலையிலிருந்து தூறல். சோழவரத்தில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சைச் சோதனைக்கான கோதுமைத் தொட்டிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார் மேனேஜர் சார். காட்டுக் கோதுமை, என்னோடு டிரெயினியாகச் சேர்ந்த நிவேதாவுக்கு. வயலில் போடும் சாதாரண ரகம் எனக்கு.

சார் சொன்னது: வேர்ப்பூஞ்சை நூல் நூலாக மண்ணுக்குள் போய், வேருக்கு எட்டாத மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். காட்டு ரகத்துக்கு யாரும் உரம் போட்டதில்லை, அதனால் பூஞ்சையோடு நல்ல ஒட்டு. மூட்டை உரம் கொட்டினால் செடி பூஞ்சையை உள்ளே விடாது.

பொங்கலுக்குள் எங்களில் ஒருத்திதான் பர்மனென்ட். பூஞ்சை நன்றாக ஒட்டி ஜெயிக்கிற செடி அவள் கையில்.

நிவேதா: "இன்னாடி, மூஞ்சத் தூக்கி வச்சினுகிற? வா, நாஷ்டா துன்லாம்."

போனேன். சிரிக்கவும் செய்தேன்.

டிச. 9, செவ்வாய்

அவள் அப்பா வாத்தியார். என் நைனா இரும்பு ஆலையில் லோடிங். நான் கேள்வியை மனதுக்குள் சரிபார்ப்பதற்குள் அவள் கேட்டு, பதிலும் வாங்கிவிடுகிறாள்.

அம்மா: "வாயத் தொறந்து கேட்டாத்தான? ஊமையாட்டம் நின்னுகினு வந்தா எவன் குடுப்பான்?"

டிச. 10, புதன்

செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணனின் டிஏபி உர மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி. ஊறவைத்து, தண்ணீர் பாட்டிலில். நிவேதா டீக்குப் போன நேரம். அவளுடைய ஒன்பது தொட்டியில் எட்டில் ஊற்றினேன். அதற்குள் கதவுச் சத்தம்.

டிச. 29, திங்கள்

எட்டும் கரும்பச்சை. ஊற்றாத ஒன்று மட்டும் சற்று வெளிறி.

"சூப்பர்மா நிவேதா!" சார் போட்டோ எடுத்தார். கெடுக்கப் போட்ட உரமே அவளுக்குப் பாராட்டு வாங்கித் தருகிறது.

ஜன. 6, செவ்வாய்

வேரில் பூஞ்சையை எண்ணும் நாள். தன் தொட்டியைத் தானே எண்ணக்கூடாது, மாற்றித்தான் எண்ண வேண்டும். அவள் வேர்கள் எனக்கு. கழுவி, வேகவைத்து, நீலச் சாயம்; பூஞ்சை மட்டும் நீலமாகத் தெரியும்.

1–8: வெற்று வேர்.

9: வேர் நெடுக நீலம். அறை அறையாகக் குட்டி மரங்கள். ஒன்று இன்னொன்றுக்குள் இவ்வளவு நெருக்கமாகவா? அதன்மீதும் பொறாமை வந்தது.

பக்கத்து மைக்ராஸ்கோப்பிலிருந்து நிவேதா: "உன்னுது கொஞ்சந்தான் ஒட்டினுகீது. சாதா ரகம், நீ இன்னா பண்ணுவ? சாராண்ட நானே சொல்றேன், வுடு."

சார் தாளைப் பார்த்தார். "எட்டு தொட்டி சைபரா? பூஞ்சை போடவே மறந்துட்டியாம்மா நிவேதா?"

"போட்டேன் சார். சத்தியமா சார்."

அவள் குரல் நடுங்கி இன்றுதான் கேட்டேன். இனிக்கும் என்று நினைத்திருந்தேன்.

"காரணம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதினேன்: 'தொட்டி 1–8. டிஏபி கரைசல். நான் ஊற்றினேன்.' கையெழுத்துப் போட்டு நிவேதா பக்கம் நகர்த்தினேன்.

இரண்டு முறை படித்தாள். "நீயே போய்க் குடு. உன் கூட நான் வரமாட்டேன்."

கொடுத்தேன். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் சார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. செங்குன்றம் வரை போகிற நிவேதா, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.