உப்பில்லாத தண்ணீர் ஒரு கேன்

வேனில் எப்போதும் கடைசி சீட்டையே கேட்டு வாங்கிய என் அன்பு அப்பாவுக்கு,

வீட்டில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்று வருகிறது. பள்ளிக்கூடப் பழக்கம். சிரிக்காமல் படியுங்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் இப்போது பிளஸ் ஒன். அம்மா ஷூ கம்பெனியில் அதே தையல் மிஷினில்தான் உட்காருகிறாள். பின்கதவுத் தாழ்ப்பாளை நானே சரிசெய்தேன். இரண்டு ஆணி வளைந்துபோனது, மூன்றாவது நின்றது. ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது அதைத் திறந்து மூடிப் பார்க்கிறேன்.

ஆனால் இதைச் சொல்ல எழுதவில்லை. நாளை விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் தோல் பதனிடும் டேனரி ஆட்களின் டூர் வேன் மாமல்லபுரம் கிளம்புகிறது. அதில் அம்மா ஏறுவாளா மாட்டாளா என்பதுதான் இந்த வாரம் முழுக்க நம் வீட்டில் பேச்சு. அம்மா மாட்டேன் என்று சொன்னதற்கு நான் ஒரு காரணம். நான் எழுதிய கட்டுரை.

நினைவிருக்கிறதா? ஏழாம் வகுப்பில் எழுதியது. 'கடற்கரைக்குப் போகச் சிலருக்கு ஏன் பிடிக்கிறது, சிலருக்கு ஏன் பிடிப்பதில்லை' என்பது தலைப்பு. உலகத்தில் இருக்கிறவர்களை எல்லாம் நான் இரண்டாகப் பிரித்துவிட்டேன். பிடித்தவர்கள் தைரியசாலிகள், பிடிக்காதவர்கள் பயந்தவர்கள். பயந்தவர்களுக்கு உதாரணமாக உங்களை வைத்தேன். 'என் தந்தை கடலின் அருகே வருவதில்லை. வேனை விட்டு இறங்கினாலும் ஷூவைக் கழற்றுவதில்லை. என் தாயின் ஆசைக்காக ஆண்டுதோறும் தன் அச்சத்தை விழுங்கிக்கொண்டு வருகிறார்.' கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டீச்சர் அதை வகுப்பறைப் பலகையில் ஒட்டினார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"ஆமா, எனக்குப் பயம்தான். இன்னா இப்போ?" என்று நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வம் மாமா வந்தார். உங்களோடு பதினெட்டு வருஷம் ஒரே செக்‌ஷனில் நின்றவர், உங்கள் தோஸ்த். டூருக்குப் பேர் எழுத அவர்தான் இந்த வருஷம் வீடு வீடாகப் போகிறார்.

"தங்கச்சி, ஒங்க ரெண்டு பேர் பேரும் எழுதிக்கட்டா?"

"வேணாம்ணா."

"ஏம்மா, கடல்னா உசுரு உனக்கு."

"அதான் வேணாம்ன்றேன். அந்த மனுஷனுக்குப் புடிக்காத எடம். எட்டு வருஷம் என் ஆசைக்கு அவரை இழுத்துக்கினு போனேன். பயந்துக்கினே வந்தாரு. இதோ, இவளே எழுதி வெச்சிருக்கா பாரு, அச்சத்தை விழுங்கிக்கினு வந்தாருன்னு."

என் வாக்கியத்தை அம்மா மனப்பாடமாக வைத்திருந்தாள், அப்பா. நான்கு வருஷமாக.

அன்று சாயங்காலமே கலவை ஊரிலிருந்து அத்தை போன் செய்தார்கள். யார் சொன்னார்களோ தெரியாது. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. "என் தம்பி போய் வருஷம் திரும்பல, அதுக்குள்ள பீச் கேக்குதா?" அம்மா போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பேர் சொல்ல வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். ஐந்து நாள். நான் ஒரு முடிவு எடுத்தேன். அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதுவது. இந்த முறை தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவதில்லை, கேட்டு எழுதுவது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபர்சானாவிடம் கேட்டேன். அவளுக்கு பீச் என்றாலே ஆகாது. "ஈரத் துணியோட அஞ்சு மணி நேரம் வேன்ல உக்காந்து வந்து பாரு, தெரியும். போறப்ப எல்லாரும் பாட்டு. வர்றப்ப ஒரே பேஜாரு. மண்ணு காதுக்குள்ள கூட இருக்கும்" என்றாள். கூட இருந்த சுகந்தி அவளை முறைத்தாள். சுகந்தி வீட்டில் இரண்டு அறையில் ஒன்பது பேர். "அங்க போய் நான் ஒரு தடவை சத்தமா கத்தினேன். யாரும் இன்னான்னு கூடக் கேக்கல. அதுக்காகவே புடிக்கும்" என்றாள்.

இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இதில் தைரியம் எங்கே வருகிறது, பயம் எங்கே வருகிறது?

அம்மாவிடமும் கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் "வேலையப் பாரு" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "மிஷின்ல உக்காந்தா எனக்கு முன்னாடி ஒரு முதுகு. அதுக்கு முன்னாடி ஒரு முதுகு. கடைசியில செவுரு. கடல்கிட்ட போய் நின்னா முன்னாடி ஒண்ணுமே இல்ல. கண்ணு பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது." சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தாள். "அதுக்காக ஒருத்தரை வதைக்கக் கூடாது இல்ல?"

மீதி இருந்தது உங்கள் காரணம். பயம் என்று எழுதி முடித்துவிட்ட காரணம்.

நோட்டில் உங்கள் பேரை எழுதிவிட்டு யோசித்தபோது காவேரிப்பாக்கம் ஏரி ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது ஒரு வருஷம் டீ குடிக்க அங்கே வேன் நின்றது. எல்லோரும் டீக்கடைக்குப் போக, நீங்கள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றீர்கள். "பாப்பா, வா வா! உப்பில்லாத கடல் இது!" என்று கூப்பிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் முகம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! தண்ணீருக்குப் பயந்தவர் அப்படியா இறங்குவார்? இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் நான்தான். பயம் என்று எழுதியவளும் நான்தான்.

புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் நேராக டேனரி கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போனேன். செல்வம் மாமா ஷிப்ட் முடிந்து வந்தார். கேட்டேன்.

"மாமா, அப்பாவுக்குக் கடல்னா நெஜமாவே பயமா?"

அவர் டீயை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலிலும் விரல் இடுக்கிலும் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. சில இடங்களில் சிவப்பாகவே இருந்தது.

"லாரில தோல் வருதில்ல, அழுகாம இருக்கறதுக்கு அத்தனையும் உப்பு போட்டு வரும். அதை உதறுறதுதான் எங்க ரெண்டு பேர் வேலை. ரப்பர் கம்பூட்ஸ் போட்டாலும் உப்பு உள்ள போய்டும். இந்தக் காலோட கடல்ல எறங்கினா எப்படி இருக்கும் சொல்லு?"

மாமா காலை இறக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எரிச்சல் கூட பரவால்லைன்னுவான். அந்த வாசனை, அந்தப் பிசுபிசுப்பு. 'லீவு நாள்லயும் வேலைக்கு வந்தா மாதிரி இருக்குதுடா செல்வம்'னுவான்."

"அப்புறம் ஏன் பயம்னு சொன்னாரு?"

"பயம்னு சொன்னா நீங்க சிரிச்சிட்டுப் போய்டுவீங்க. எரியுதுன்னு சொன்னா? தங்கச்சி அப்புறம் தண்ணில காலை வெப்பாளா?"

அப்போதுதான், அப்பா, அந்தத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. தினமும் உப்போடு வேலை செய்கிறவருக்குக் கடல் தண்ணீர் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்று நானே முடிவுசெய்து, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடிவந்தேன். கடைசி சீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள். "கடல் உன்னைத் தேடி வந்திருக்குப்பா!" என்று உங்கள் இரண்டு கால்மேலும் ஊற்றினேன். நீங்கள் துள்ளிய துள்ளலில் பாட்டில் பறந்துபோய் விழுந்தது. நான் அழத் தொடங்கினேன். உடனே என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, "பயந்துட்டேன் பாப்பா, வேற ஒண்ணுமில்ல, பயந்துட்டேன்" என்றீர்கள்.

அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்ததே நீங்கள்தான். நான் அதை வாங்கிக் கட்டுரையில் வைத்துவிட்டேன்.

டீக்கடையிலேயே அழுதேன். கடைக்காரர் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அழுது முடித்ததும் நான் மாமாவிடம் கேட்டது ஒன்றுதான். இதை நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள், மாமா, நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னா இன்னும் அழுவும்மா அது. எரிச்சலோட வந்தானான்னு."

"அழட்டும் மாமா. இல்லாத பயத்துக்கு அழுறதை விட இருந்ததுக்கு அழட்டும்."

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். "அவனை மாதிரியே பேசற. சரி, டூர் நோட்டை எடுத்துக்கினு வர்றேன்" என்றார். டூர் நோட்டு எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். உங்கள் காலைப் பற்றி அவர் சொன்னபோது, அவர் பயந்ததுபோல அம்மா அழவில்லை. கோபம்தான் வந்தது.

"அந்த வெடிப்புக்கு நான்தான்ணா எண்ணெய் தடவினேன், ராத்திரி ராத்திரி! எனக்குத் தோணலையே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயே இருக்கமாட்டேனே!"

"அதுக்குத்தான் சொல்லல."

"அப்ப நான் இழுத்துக்கினு போனது நெஜம்தானே?"

மாமா நோட்டை விரித்து அம்மா மடியில் வைத்தார். ஒவ்வொரு வருஷத்து டூருக்கும் யார் யார் வருகிறார்கள், எந்த சீட் என்று எழுதிய நோட்டு. முதல் பக்கத்தில் முதல் வரி உங்கள் கையெழுத்து. 'மல்லிகா – ஜன்னல் சீட்.' அடுத்த வருஷத்துப் பக்கம். முதல் வரி, 'மல்லிகா – ஜன்னல் சீட்.' அதற்கடுத்த பக்கமும் அப்படியே. எட்டுப் பக்கத்திலும் முதல் பேர் அம்மா. உங்கள் பேர் எப்போதும் கடைசியில். 'நான் – பின்னாடி, கேன் பக்கத்துல.'

"லிஸ்டு எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் கைக்குப் போயிருக்கும். சண்டை போட்டு வாங்கிக்குவான். யாரும் அவனை இழுத்துக்கினு போகல தங்கச்சி. அவன்தான் உன்னைக் கூட்டிக்கினு போனான்."

அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து திருப்பினாள்.

அந்தக் கேனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், உங்களுக்குத் தெரியும் என்றாலும். டூருக்கு முன்னால் நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளாகப் பார்த்து இருபது லிட்டர் கேனை நிரப்பி வைப்பீர்கள். "போர் தண்ணியே புடிச்சுக்கயேன், காலு கழுவத்தானே" என்று அம்மா திட்டுவாள். "போர் தண்ணியும் உப்பு. உப்பைப் போய் உப்பால கழுவுறதா?" என்பீர்கள். வேன் படிக்கட்டு அருகே உட்கார்ந்து, கடலிலிருந்து வருகிற ஒவ்வொருவர் காலிலும் சொம்பு சொம்பாக ஊற்றுவீர்கள். அம்மா காலுக்கு மட்டும் இரண்டு சொம்பு. கடலுக்குப் போகாமல் தப்பிக்க ஒரு சாக்கு என்று எல்லோரும் கேலி செய்தோம். உப்பு என்ன செய்யும் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அம்மா நோட்டை மூடிக் கொடுத்தாள். போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அடுப்படி வரை போய்விட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"பாப்பா, அந்தக் கேனு எங்க கெடக்குது பாரு. பாசி புடிச்சிருக்கும். நல்லாக் கழுவி வை."

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். இந்த வருஷத்துப் பக்கத்தின் முதல் வரியை நான் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

அத்தைக்கு நானே போன் செய்தேன். அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. "அத்தை, அப்பா எட்டு வருஷம் அம்மா பேரைத்தான் முதல்ல எழுதினாரு. நாங்க பண்டிகை கொண்டாடப் போகல. அவரு ஆரம்பிச்சதை விடாம இருக்கப் போறோம்" என்றேன். "வாயாடி" என்று சொல்லி அத்தை வைத்துவிட்டார்கள். இன்னும் கோபம்தான். இருக்கட்டும். திரும்பி வந்ததும் கலவைக்கு நேரில் போய்ப் பேசுவேன்.

புதுக் கட்டுரையும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்க டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பழையதில் எழுதியது தவறு என்று அதே பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். குரல் நடுங்கினாலும் நிறுத்தமாட்டேன். தைரியசாலி, பயந்தவர் என்ற சொற்கள் இந்தக் கட்டுரையில் எங்கேயும் கிடையாது. சுகந்தியின் கத்தல் இருக்கிறது, ஃபர்சானாவின் ஈரத் துணி இருக்கிறது, அம்மாவுக்கு முன்னால் இருக்கிற முதுகுகள் இருக்கின்றன, உங்கள் கால் இருக்கிறது. ஒரே கடலுக்கு ஒவ்வொருவரும் எதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று கேட்காமல், பிடிக்கிறதா இல்லையா என்று மட்டும் எப்படிக் கேட்டேன்?

எனக்குக் கடல் பிடிக்குமா என்று ஃபர்சானா திருப்பிக் கேட்டாள். பதில் தெரியவில்லை. இதுவரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் சந்தோஷத்தைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. நாளை கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்க்க வேண்டும்.

கேன் நிரம்பி வாசலில் இருக்கிறது. நல்ல தண்ணீர். எனக்குத் தூக்க முடியவில்லை, ஆனால் சாய்த்து உருட்டிக்கொண்டு போகலாம் என்று கண்டுபிடித்துவிட்டேன். சொம்பையும் எடுத்து வைத்தாயிற்று. அம்மா உள்ளே பச்சைப் புடவையை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா, நான் வாக்குக் கொடுக்கிறேன். நாளை படிக்கட்டு அருகே நான் உட்காருவேன். கடலிலிருந்து வருகிற ஒவ்வொருவர் காலிலும் உப்பு போகும்வரை ஊற்றுவேன். செல்வம் மாமா ஷூவைக் கழற்றாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன். அம்மா திரும்பி வர எவ்வளவு நேரமானாலும், அவளுக்கான இரண்டு சொம்புத் தண்ணீரை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன்.

இந்த வருஷத்து நோட்டில்,
'நான் – பின்னாடி, கேன் பக்கத்துல'
என்று கடைசி வரி எழுதியிருக்கும்
உங்கள் மகள்,
பவித்ரா