மெயிலில் வந்த அப்பாக்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மூலக்குளத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் துப்பட்டா தொப்பல். ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட மறந்தாச்சு.

வந்ததும் சண்டை. அக்கா வீட்டுக்காரர் பாரூக் மச்சான்தான் இந்தத் தோல் பைக் கடைக்கு முதலாளி (இனி ம., முழுசாக எழுதப் பொறுமை இல்லை). மெயில் எழுதுவது என் வேலை. நேற்று என்னைக் கேட்காமல் வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவரே மெயில் அனுப்பியிருக்கிறார். ஒரே வாரத்தில் மூன்றாவது. தலைப்பில் ஆஃபர் ஆஃபர் ஆஃபர், பின்னால் ஒரு கைப்பிடி ஆச்சரியக்குறி. பெல்ட் வாங்கினவருக்கும் பெட்டி வாங்கினவருக்கும் அதே சரக்கு. அதுவும் பதில் போட முடியாத முகவரியிலிருந்து. பதில் எதற்கு, வந்து வாங்கட்டும் என்கிறார்.

அநேகமாக யாரும் திறக்கவில்லை. திறப்பார்களா? உடனே ம. கண்டுபிடித்த தீர்வு: மெயில் வேலையைச் சென்னைக் கம்பெனிக்குக் கொடுப்பது. கொட்டேஷன் கேட்டுவிட்டாராம். நான் பில் போடுகிற ஸ்டூலுக்குப் போக வேண்டுமாம், அங்கே ஃபேன் நேராக அடிக்குமாம்.

ஃபேன் காற்று வாங்கவா வந்தேன்? பையைப் படம் எடுத்து, வரி வரியாக எழுதி, பாரிஸிலிருந்து ஆர்டர் வரவைத்தது யார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழமாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். மதாம் செல்வி வந்தார். பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாதி வருஷம் அங்கே, பாதி இங்கே. பழைய வாடிக்கை. பேசாமல் போனை நீட்டினார். ம. அனுப்பிய மெயில். ஆரம்பமே பிரெஞ்சில் ஒரு வணக்கம்: "போன்ழூர் கோவிந்தசாமி!"

"இது எங்கப்பா பேரும்மா. அவரு போய்ச் சேந்து எவ்ளோ காலமாச்சு. அவருக்கு எதுக்கு ஹேண்ட்பேக்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். நம் ஊரில் அப்பா பேர், கல்யாணமானால் புருஷன் பேர், முன்னால்; நம் பேர் பின்னால். ம. அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டருக்கு முதலில் வருவதுதான் ஆள் பேர். பாதிப் பேருக்கு அவரவர் அப்பா பேரில் ஆஃபர் போயிருக்கிறது. உழவர்கரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து திட்டினார். அவருக்குப் போனது விவாகரத்தான புருஷன் பேரில்.

இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள், கண்டுகொள்ளாதே என்றார் ம. எனக்கு வந்ததே கோபம். ஒரே ஒரு மெயில், என் இஷ்டத்துக்கு. ஒருத்தரும் பதில் போடாவிட்டால் நானே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். யோசித்தார்.

"சரி, ஒண்ணுதான்."

ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். செய்ய வேண்டியவை:

- பேர்களைத் திருத்த வேண்டும். சந்தேகமானால் பேரே வேண்டாம், வணக்கம் போதும்
- கடையின் சொந்த முகவரி. பதில் நேராக என் போனுக்கு
- மெயிலே வேண்டாம் என்பவர் விலக ஒரு பட்டன், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்
- ஆஃபர்: மூச்சு விடக்கூடாது
- அக்காவுக்கு பிரஷர் மாத்திரை

தலைப்பு: "உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டோம்."

உள்ளே கொஞ்சம்தான். நம் ஊரில் அப்பா பேர் முன்னால் நிற்கும், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னியுங்கள். அவர் என்ன பை வைத்திருந்தார் என்று நேரமிருந்தால் எழுதுங்கள்.

பிரெஞ்சிலும் ஒன்று. மதாம் போனிலேயே திருத்தித் தந்தார். சாயந்திரம் அனுப்பினேன். அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தபடி.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை! பதில் மழையும்!

போன் ஓயவே இல்லை. ஒருவர் அப்பா தபால்காரராம், அந்தக் காக்கிப் பையில் இப்போது பேத்தியின் கலர் பென்சில். இன்னொருவர் அப்பா பிரெஞ்சு பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பையை அம்மா இன்னும் யாரையும் தொட விடுவதில்லையாம். ஒருவர் "என்னை விட்டுடுங்க" என்று மட்டும். சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

மதாம் செல்வி எழுதியதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கோவிந்தசாமி ஐயா கடைசிவரை மஞ்சப்பை தவிர எதையும் தூக்கியதில்லையாம். அதே அளவில், அதே மாதிரிக் காது வைத்து, தோலில் தைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் பைகளைத் தைக்கும் பிள்ளைச்சாவடிப் பட்டறைக்குப் போன் போட்டேன். மாஸ்டர் சிரித்தார், மத்தியானமே மாதிரிப் பை ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. படத்தை மதாமுக்கு அனுப்பினேன், அவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அத்தனை பேருக்கும் அதே வேண்டுமாம். தோல் பத்தாது என்கிறார் மாஸ்டர்!

ம. நின்றபடி பதில்களைப் படித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார். பில் ஸ்டூலில். நான் விட்டுப்பிடித்தேன், ஆனால் உள்ளே ஒரே குத்தாட்டம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வானம் வெளுத்துவிட்டது. ஜும்மா தொழுகை முடிந்து வந்த ம. போனை என் முன்னால் வைத்தார். சென்னைக் கம்பெனியின் கொட்டேஷன். ம. முழுப்பேர் காதர் பாரூக். மெயில் ஆரம்பம்: "டியர் காதர்."

காதர் அவர் அத்தா. இவருக்கும் அப்பா பேர்தான் முன்னால். இந்தக் கடையைத் தொடங்கியவர். போன ரம்ஜானுக்கு முன்னால்தான் மவுத்தாகி எங்களை விட்டுப் போனார்.

ம. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், எனக்கும் தாங்கவில்லை.

"நஸ்ரின், எங்க அத்தாவைக் கேட்டுட்டுச் சொல்றோம்னு பதில் போடும்மா."

போட்டேன். கீழே என் பேர், மெயில் பொறுப்பு என்று. இனிஷியல் இல்லாமல்.