முதல் பேஸில் ஆள் நிற்கும்போது

ஜூன் 4

இன்றைய பேஸ்பால் ஆட்டத்திலும் நான்கு பேர் பேஸ் திருடினார்கள். பந்து போடும் பிட்சர் கையைத் தூக்கியதுமே முதல் பேஸில் நிற்கிறவன் இரண்டாவதுக்கு ஓடுகிறான். பந்தைப் பிடித்து, அவனுக்கு முன்னால் அதை அங்கே சேர்ப்பதுதான், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரான என் வேலை. என் பந்து போய்ச் சேரும்போது அவன் எழுந்து பேன்ட்டில் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறான். எதிரணிக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்கள்: "கடையத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறான்டா, அள்ளிட்டு வாங்க!"

ஜூன் 5

பயிற்சியாளர் கிரேடி கூப்பிட்டார். "எலியேசர், மேல கேக்கறாங்கப்பா. ஓடுறவனப் பிடிக்காத கேட்சர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இந்த மாசம் பாப்பேன். அவ்வளவுதான்."

முப்பது வயதில் ஊருக்குத் திரும்பினால் எனக்கு என்ன வேலை தெரியும்? குந்தி உட்காரத் தெரியும்.

ஜூன் 9

தோள் வலி. தூக்கமில்லை.

ஜூன் 12

வழி இருக்கிறது. எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்கு விரலால் காட்டுகிறவன் நான்தானே? வளைபந்து மெதுவாக வரும், ஓடுகிறவனுக்கு அதுவே போதும். வேகப்பந்து என்றால் எனக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சும். ஆள் நிற்கும்போதெல்லாம் வேகப்பந்தே கேட்டேன். இரண்டு பேர் அவுட். கிரேடி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஜூன் 20

எங்கள் பிட்சர் நெஃப்தாலியின் பந்துகளை இன்று அடித்து நொறுக்கிவிட்டார்கள். எங்கள் ஊர் பானியில் அவன் எனக்கு எதிர்வீட்டுக்காரன். இந்த அமெரிக்காவில் ஒரே அறை, ஒரே சட்டி. அவன் பிழைப்பே வளைபந்துதான். அடுத்தது வேகப்பந்து என்று மட்டை பிடித்தவனுக்குத் தெரிந்துபோனால் விடுவானா?

வாழைக்காய் பொரித்துக்கொண்டே கேட்டான். "ஏண்ணே, ஆள் நின்னா வளைபந்தே கேக்க மாட்டேங்குற?"

"உன் வேகப்பந்து இன்னைக்கு சூப்பரா வந்துச்சுடா."

நம்பினான். பாவி, நம்பிவிட்டான்.

ஜூன் 21

அடுத்த ஆட்டத்தில் அவனிடம் வளைபந்து கேட்கப் போகிறேன்.

ஜூன் 26

கேட்டேன் — ஒரே ஒரு தடவை. ஓடியவன் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தான். கிரேடி என்னையே பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை. பயமா இருக்கு. வேற என்ன சொல்ல?

ஜூலை 8

நெஃப்தாலியை அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். துணிகளை மடித்துக்கொண்டே சொன்னான்: "என் பந்துல சத்து போயிடுச்சுண்ணே. நீ பிடிச்சதாலதான் இத்தன நாள் தள்ளினேன்."

பையைத் தூக்கிப் போய் வண்டியில் வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம், கிரேடியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஜூலை 9

சோறு ஆக்கவில்லை.

ஜூலை 17

மேல் அணிக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "உன்னப் பாத்தாலே இப்ப எவனும் ஓட மாட்டேங்கறான்யா" என்று சிரித்தார் கிரேடி.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள், மாதாவுக்கு நன்றி சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள், "இருடா, மொதல்ல நெஃப்தாலிகிட்ட சொல்லணும். தெனம் வந்து உன்னப் பத்தித்தான் கேக்குது அந்தப் புள்ள" என்றாள். வேண்டாம்மா என்றேன். அவள் காதில் விழவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், அவன் சந்தோஷத்தில் கத்தியதும் எனக்கு நன்றாகக் கேட்டது.